மறைத்த நோயே பரவும்

(மாட்டுப் பொங்கலை ஒட்டிப் பால் உற்பத்தியாளர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

விடிவதற்கு முன்பே எழுந்து பால் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டு, ஈரக்கை காயாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உழவர் பெருமக்களே, பள்ளிப் பிள்ளைகளே!

பேச்சைத் தொடங்கும் முன் உங்களிடம் இரண்டு கேள்விகள். இந்த அரங்கில் வெக்கை நோயைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள்.

முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள். தூணோரம் ஒரு பாட்டி. பின்னால் இன்னும் இரண்டு கைகள். அவ்வளவுதான்.

சரி, இறக்கிக்கொள்ளுங்கள். கோமாரி நோயைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அடேயப்பா! அரங்கம் முழுவதும் கை. பள்ளிச் சீருடையில் இருக்கிற பிள்ளைகள்கூடக் கை தூக்குகிறார்கள்.

அந்த ஐந்து கைக்கும் இந்த நூறு கைக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் இன்று என் பேச்சு. ஒரு காலத்தில் பட்டி பட்டியாக மாட்டை வாரிக்கொண்டு போன வெக்கை இன்று உலகத்திலேயே இல்லை. கோமாரி இன்னும் நம் தொழுவத்தில் இருக்கிறது. ஏன்? தொற்றுநோய் மந்தைக்குள் எப்படி நுழைகிறது? எப்படிப் பரவுகிறது? எங்கே மறித்தால் நிற்கும்?

என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு. அப்பா சந்தைக்குப் போய் ஒரு காளை பிடித்து வந்தார். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசி முடித்த விலை. நினைத்ததைவிட மலிவாக முடிந்ததென்று அவருக்கு மகிழ்ச்சி. அன்று இரவே மற்ற மாடுகளோடு ஒரே கட்டுத்தறியில் கட்டினோம். ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டினோம். மறுநாள் காலையில் அந்தக் காளை தவிட்டுத் தண்ணீரில் வாய் வைத்தது. வைத்த வாயை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. எச்சில் நூல் நூலாகத் தரைவரை தொங்கிற்று. சப்பு சப்பென்று வாயைச் சப்புக்கொட்டும் சத்தம். அப்பா அதன் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்தார். மேல்தோல் அப்படியே உரிந்து அவர் கையோடு வந்தது.

ஒரு வாரம் ஆவதற்குள், ஒரு கிடேரியைத் தவிரக் கட்டுத்தறியில் இருந்த எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. குளம்பிடுக்கில் புண். புண்ணில் புழு. பசு நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. அதன் செவலைக் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தபோதே, காம்பை வாயில் வைத்தபடியே, முன்னங்கால் மடிந்து விழுந்து இறந்தது. அதன் வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

காளையை விற்றவர்மேல் அப்பாவுக்கு அடங்காத கோபம். "தெரிஞ்சேதான் தள்ளிவிட்டிருக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் அடுத்த சந்தைக்கு என் அப்பா என்ன செய்தார் தெரியுமா? நோய் காணாத அந்த ஒரே கிடேரியை, அதற்கும் வருவதற்குள் காசாக்கிவிட வேண்டுமென்று சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். விற்றும் விட்டார். என் அப்பா கெட்டவர் அல்லர். கடன் இருந்தது. பயம் இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் கிடேரி எந்த ஊர்க் கட்டுத்தறிக்குப் போனது, அங்கே எத்தனை கன்றுகள் விழுந்தன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவனாக வேலை பார்த்தேன். கோமாரி கண்ட எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அந்தக் கிடேரியின் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அந்த அனுபவம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: நோய்க்குச் சொந்தக் கால் கிடையாது. அது இரவல் காலில்தான் நடக்கிறது. எந்தெந்தக் காலில் நடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்.

முதல் கால், எச்சிலும் மூச்சும். கோமாரி நடக்கும் கால் இது. 1898-ஆம் ஆண்டு ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ராஷ் என்ற இரண்டு அறிஞர்கள் இந்த நோயின் கிருமி, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் தாண்டிப் போவதைக் காட்டினார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ் என்று முதன்முதலில் அறியப்பட்டது இந்தக் கோமாரிக் கிருமிதான். எச்சிலில் இருக்கும். மூச்சில் இருக்கும். சாணத்தில், மூத்திரத்தில், பாலில் இருக்கும். 1981-இல் பிரான்சின் வடமேற்குக் கரையிலிருந்து காற்றோடு கடலைத் தாண்டி இங்கிலாந்தின் வைட் தீவுக்கே போய்ச் சேர்ந்தது என்றால் இதன் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே மாடு கிருமியை வெளியே விடத் தொடங்கிவிடும். மாடு நன்றாக அசைபோடும், நன்றாகக் கறக்கும், கிருமியும் கொட்டும். என் அப்பா விற்ற கிடேரி நினைவிருக்கிறதா? அது நோய் காணாத கிடேரி இல்லை. நோய் தெரியாத கிடேரி. அந்தச் செவலைக் கன்று ஏன் இறந்தது? தாயின் பாலிலேயே கிருமி இருந்தது. இளங்கன்றுக்குள் போனால் அது வாயைத் தேடாது, நேராக இதயத் தசையைப் பிடிக்கும். தேறிய மாட்டின் தொண்டையிலும் மாதக்கணக்கில், சில மாடுகளில் மூன்று ஆண்டுவரைகூட, அது தங்கியிருக்கும்.

இரண்டாவது கால், ஈயும் கொசுவும் உண்ணியும். மாட்டம்மை என்று நீங்கள் சொல்லும் தோல் கழலை நோய் இந்தக் காலில்தான் வருகிறது. 1929-இல் ஆப்பிரிக்காவில், இன்று ஜாம்பியா என்று அழைக்கப்படும் நாட்டில் முதலில் அறியப்பட்டது. தொண்ணூறு ஆண்டு கழித்து, 2019-இல் ஒடிசா வழியாக நம் நாட்டில் தலைகாட்டியது. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. உடம்பெல்லாம் எலுமிச்சங்காய் அளவுக்குக் கழலை. கழலை உடைந்த இடத்தில் ஈ உட்காரும். அந்த ஈ பக்கத்து மாட்டில் போய்க் கடிக்கும். நடுவில் சுவர் இருந்தால் என்ன? ஈ அறியுமா சுவரை?

மூன்றாவது கால், மண். அடைப்பான் இதில்தான் வருகிறது. நேற்று மாலை நன்றாக மேய்ந்த மாடு, காலையில் வயிறு உப்பிச் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் கசியும், உறையாது. இதைக் கண்டால் கத்தியை எடுக்காதீர்கள்! தோல் உரிக்காதீர்கள்! கறிக்குக் கூறு போடாதீர்கள்! அந்த உடம்பைத் திறந்தால் கிருமியின்மேல் காற்றுப் படும். காற்றுப் பட்டதும் அது தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதைபோல மண்ணில் படுத்துவிடும். வெயிலுக்கும் அசையாது, மழைக்கும் கரையாது, பல பத்தாண்டுகள் காத்திருக்கும். மண்புழுக்கள் அதைக் கீழிருந்து மேலே கொண்டுவருகின்றன என்று லூயி பாஸ்டர் சொன்னார். அவரே 1881-இல் பிரான்சின் ஒரு கிராமத்துப் பண்ணையில் ஊர் பார்க்க ஒரு சோதனை நடத்தினார். ஆடு மாடுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குத் தடுப்பூசி போட்டார், மற்றதற்குப் போடவில்லை. பிறகு இரண்டுக்கும் அடைப்பான் கிருமியை ஏற்றினார். ஜூன் 2-ஆம் தேதி ஊரே கூடிப் பார்த்தது. ஊசி போடாத செம்மறிகள் செத்தும் செத்துக்கொண்டும் கிடந்தன. ஊசி போட்டவை புல் மேய்ந்துகொண்டிருந்தன. தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு அந்தப் பண்ணையே பதில் சொல்லிவிட்டது.

நான்காவது கால், நம் கை. ஆமாம் தாய்மார்களே, பால் கறக்கும் கைதான். மடிநோய் கண்ட மாட்டைக் கறந்த கையோடு அடுத்த மாட்டின் காம்பைப் பிடித்தால் என்ன நடக்கும்? ஒரே துணியால் நான்கு மாட்டு மடியைத் துடைத்தால் என்ன நடக்கும்? நோய் கண்ட மாட்டைக் கடைசியாகக் கறங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் முன்பு கையைக் கழுவுங்கள். முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாருங்கள். திரித்திரியாக வந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது. கறந்து முடித்ததும் மாட்டைப் படுக்க விடாமல் கொஞ்சம் தீவனம் போட்டு நிற்க வையுங்கள். கறந்தபின் காம்பின் வாய் மூட அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் சாணத்தில் படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாக அர்த்தம்.

இதே கை வழியாகக் கன்று வீச்சு நோயும் பரவக்கூடும். ஆறு மாதம், ஏழு மாதம் சுமந்த பசு கன்றை வீசிவிடும். அந்தச் செத்த கன்றிலும், நஞ்சுக்கொடியிலும், வடியும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். நம் ஊர்களில் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டல்லவா? அதற்குள் நல்ல புத்தி ஒன்று இருக்கிறது. நாய் தின்று ஊரெல்லாம் இழுக்கக்கூடாது என்பதுதான் அந்தப் புத்தி. அதை நான் வணங்குகிறேன். ஆனால் கன்று வீசிய மாட்டின் கொடியை மரத்தில் கட்டாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். உறை மாட்டிக்கொண்டு எடுத்துச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். இந்த நோய் மனிதருக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மூட்டெல்லாம் வலிக்கும், என்ன காய்ச்சலென்றே தெரியாமல் மாதக்கணக்கில் அலையவிடும். அதனால் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

எச்சில் ஒரு கால், ஈ ஒரு கால், மண் ஒரு கால், கை ஒரு கால். இவை நான்கையும்விட வேகமான ஐந்தாவது கால் ஒன்று உண்டு. அதன் பெயர் மறைப்பு.

இங்கிலாந்துக்குப் போவோம். 2001-ஆம் ஆண்டு. பணக்கார நாடு, படித்த விவசாயிகள், நல்ல சாலைகள், நல்ல ஆய்வுக்கூடங்கள். அந்த நாட்டின் வடகோடியில் ஒரு பன்றிப் பண்ணை. அங்கே கோமாரி வந்துவிட்டது. பண்ணையிலிருந்து யாருக்கும் தகவல் போகவில்லை. வாரங்கள் கடந்தன. பக்கத்துப் பண்ணைச் செம்மறிகளுக்குத் தொற்றியது. அந்தச் செம்மறிகள் சந்தைக்குப் போயின. ஒரு சந்தையிலிருந்து மறு சந்தைக்கு, அங்கிருந்து நாடெங்கும் லாரி லாரியாகப் போயின. பிப்ரவரி 20-ஆம் தேதி, நாட்டின் மறுகோடியில் ஒரு இறைச்சிக் கூடத்தில் நோய் உறுதியானது. மூன்று நாளில் கால்நடைப் போக்குவரத்தை முழுவதும் நிறுத்தினார்கள். ஆனால் நோய் அதற்குள் ஊர் ஊராக இறங்கிவிட்டிருந்தது. எத்தனை இடங்கள்? 2,026 இடங்கள். எத்தனை உயிர்கள்? அறுபது லட்சத்துக்கும் மேல் ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள், எரித்தார்கள். நாட்டின் பொதுத்தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள்.

அங்கே படிப்பு இல்லையா? இருந்தது. பணம் இல்லையா? இருந்தது. சொல்ல வேண்டிய வாய் ஒன்று சொல்லவில்லை. அவ்வளவுதான். என் அப்பாவின் கிடேரிக்கும் இங்கிலாந்தின் செம்மறிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் சந்தையில் நின்றன. இரண்டும் வாய் பேசாத உயிர்கள். பேச வேண்டியவர்கள் பேசவில்லை.

இப்போது வெக்கையின் கதைக்கு வருகிறேன். தூணோரப் பாட்டிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாயெல்லாம் புண், பிறகு நிற்காத கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. 1887 வாக்கில் இத்தாலியப் படைக்காகக் கப்பலில் வந்திறங்கிய மாடுகளோடு அது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கியது. பத்தே ஆண்டில் கண்டத்தின் தென்முனையை எட்டிவிட்டது. உழ மாடில்லாமல் எத்தியோப்பியாவில் பெரும்பஞ்சம் வந்தது. மாடு செத்த பின்னால் மனிதர் சாவதற்கு எவ்வளவு நாள் ஆகும்?

அந்த நோயை எப்படி ஒழித்தார்கள்? இமயமலைச் சரிவில் முக்தேஸ்வரில் எட்வர்ட்ஸ் என்ற அறிஞர் 1920-களில் கிருமியை ஆட்டில் வளர்த்து வலுக்குறைத்துத் தடுப்பூசி கண்டார். பின்னாளில் கென்யாவில் வால்டர் ப்ளோரைட் அதைவிடப் பாதுகாப்பான, மலிவான தடுப்பூசி செய்தார். நம் ராணிப்பேட்டையில் 1932-இல் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் எழுந்தது. 1954-இல் நாடு முழுவதற்குமான வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பனிக்கட்டிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வண்டி போகாத ஊருக்கு நடந்தே போய், மேய்ச்சல் காட்டில் மாட்டைப் பிடித்து நிறுத்தி ஊசி போட்டார்கள். பெயர் தெரியாத அந்த ஊழியர்களை இந்த மேடையிலிருந்து கைகூப்புகிறேன்.

ஆனால் ஊசி மட்டும் போதவில்லை, நண்பர்களே! ஊசியை நிறுத்திய பிறகும் ஊர் ஊராகப் போய், "உங்க ஊர்ல மாட்டுக்கு வாய்ப்புண்ணோட கழிச்சல் கண்டிருக்கா?" என்று கேட்டுக் கேட்டுத் தேடினார்கள். மக்கள் மறைக்காமல் சொன்னார்கள். இந்திய மண்ணில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், நம் தமிழ்நாட்டில்தான். 2011-இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். மனிதருக்கு வந்த பெரியம்மைக்குப் பிறகு, மனிதன் பூமியிலிருந்தே துடைத்தெறிந்த இரண்டாவது நோய் இதுதான்.

வெக்கையை வென்ற கையால் கோமாரியைக் கட்டுப்படுத்த முடியாதா? முடியும்! ஆனால் கோமாரி கொஞ்சம் தந்திரமான எதிரி. நம் நாட்டில் அது ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வேடத்தில் வருகிறது. ஒரு வேடத்துக்கு எதிரான காப்பு மற்றொன்றைத் தடுக்காது. அதனால்தான் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. அந்தக் காப்பும் சில மாதங்களில் தளர்ந்துவிடும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி. கன்று வீச்சு நோய்க்கு, நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே ஊசி.

"ஊசி போட்டால் பால் குறையும்" என்று மாட்டை ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓரிரு நாள் கொஞ்சம் குறையலாம். கோமாரி வந்தால் அந்த ஈற்றே போய்விடும். அதன்பிறகு வெயிலில் மூச்சிரைத்து நிற்கிற கலப்பின மாட்டை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! எது நட்டம்? நூறு மாட்டில் எண்பதுக்காவது காப்பு இருந்தால்தான் கிருமிக்கு ஊருக்குள் வழி அடைபடும் என்பது தடுப்பூசித் திட்டங்களின் கணக்கு. அப்படியென்றால் உங்கள் மாட்டுக்குப் போடும் ஊசி உங்கள் மாட்டுக்கு மட்டுமா? ஊசி போட்ட மாடு பக்கத்து வீட்டு மாட்டுக்கு வேலி. ஒளித்து வைத்த மாடு அந்த வேலியில் ஓட்டை.

இனி நாம் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சந்தையிலிருந்து புது மாடு வந்தால் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். தனித் தொட்டி, தனிக் கயிறு. அதற்குக் கடைசியாகத் தீவனம் வையுங்கள். விற்றவர் கயிற்றை அவரிடமே விட்டுவிட்டுப் புதுக்கயிறு போட்டு ஓட்டி வருவது எங்கள் ஊர்ப் பழைய வழக்கம். அதை விடாதீர்கள்.

பத்து லிட்டர் தண்ணீரில் நானூறு கிராம் சலவைச் சோடாவைக் கரைத்துத் தொழுவத்தையும் தொட்டியையும் கழுவுங்கள். கோமாரிக் கிருமிக்குக் காரம் ஆகாது. மளிகைக் கடையில் கிடைக்கும் மருந்து இது.

ஈ, கொசு, உண்ணியை ஒழியுங்கள். எருக்குழியைத் தொழுவத்திலிருந்து தள்ளி வையுங்கள். தண்ணீர் தேங்க விடாதீர்கள். மாலையில் வேப்பிலை மூட்டம் போடுங்கள்.

திடீரென்று செத்த மாட்டைத் திறக்காதீர்கள். ஆறடிக் குழி தோண்டுங்கள். சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லுங்கள். மாட்டு வாயில் எச்சில் தொங்கினால் அன்றைக்கே சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமே மாட்டுக்காரர் தகவல் தர வேண்டுமென்கிறது. சட்டத்துக்காக வேண்டாம், பக்கத்துக் கட்டுத்தறியில் நிற்கும் கன்றுக்காகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவரை ஊர் ஒதுக்கக்கூடாது. பால் சங்கம் அவரைத் தாங்க வேண்டும். சொன்னவனுக்கு நட்டம், மறைத்தவனுக்கு லாபம் என்றிருக்கும்வரை யார் வாய் திறப்பார்கள்? என் அப்பா அன்று வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். அவருக்குத் துணை நிற்க ஓர் ஊர் இருந்திருந்தால் அந்தக் கிடேரி எங்கள் வீட்டிலேயே நின்றிருக்கும்.

பெரியோர்களே, மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுவீர்கள், நெற்றிக்குப் பொட்டு வைப்பீர்கள். அப்போது காதையும் பாருங்கள். 12 இலக்கக் காதுவில்லை இருக்கிறதா, கடைசியாக ஊசி போட்டது எப்போது என்று பாருங்கள். ஆறு மாதம் கடந்திருந்தால் அந்தப் பூசையில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது ஆண்டு கழித்து இதே அரங்கில் வேறு யாரோ ஒருவர் பேச வருவார். "கோமாரியைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்பார். இன்று சீருடையோடு உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகள் அன்று நரைத்த தலையோடு கை தூக்கட்டும். அவர்களுக்குப் பின்னால் ஒரு கைகூட எழாமல் இருக்கட்டும்.